டிராகனும் முப்பத்தேழாம் கொக்கியும்

மார்ச் 6

என் அருமைச் சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் மாமா வழக்கம்போல் தேடுகிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறார். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் வயிற்று எரிச்சல் அடங்கியதா? போனில் நான் கத்துகிறேன் என்று ரிசீவரைத் தள்ளிப் பிடிப்பாய், எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் விசில் ஊதின வாய், வேறு எப்படிப் பேசும்? அதனால்தான் கடிதம்.

ஒரு சின்ன விஷயம். 'டிராகோனிக்' என்றால் என்ன? எங்கள் நீச்சல் குளத்துக்கு வருகிற ஒருவர் குறுக்கெழுத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். என் தம்பி அகராதி ஆபீஸில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாத இங்கிலீஷ் வார்த்தை கிடையாது என்று அளந்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்று.

குளத்தில் பட்டைகள் பழசாகிவிட்டன. நீ ஒரு நாளும் இங்கே எட்டிப் பார்த்ததில்லை, அதனால் எங்கள் முறையைச் சொல்கிறேன். வாசலில் ஒரு பலகை, அதில் எண்பது கொக்கி, எண்பது நீல ரப்பர் பட்டை. உள்ளே இறங்குகிறவர் ஒன்றைக் கழற்றிக் கணுக்காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். போகும்போது அதே எண் கொக்கியில் திருப்பி மாட்ட வேண்டும். கொக்கி காலி என்றால் ஆள் தண்ணீரில். கால் மணிக்கு ஒருமுறை விசில் ஊதுவேன். எல்லோரும் கரையேறி விளிம்பில் உட்கார வேண்டும். நான் தலைகளை எண்ணி, காலிக் கொக்கிகளோடு ஒத்துப் பார்த்தபிறகு மறு விசில். இவ்வளவுதான் என் பிழைப்பு.

பதிலைச் சீக்கிரம் போடு. குறுக்கெழுத்துக்காரர் பறக்கிறார்.

அக்கா


மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வயிறு அடங்கிவிட்டது. மருந்தைவிட உன் தம்பி பெண்டாட்டியின் முறைப்புதான் வேலை செய்தது. மாமாவைக் கேட்டதாகச் சொல். நீ உட்கார்ந்து குளத்தைக் காவல் பார்க்கிற உயர நாற்காலிக்குப் பதினோரு படி என்று போனில் சொன்னாயே, முழங்காலை வைத்துக்கொண்டு ஏன் ஏறி இறங்குகிறாய்?

நீ கேட்ட சொல்லுக்கு வேறு எங்கும் அலைய வேண்டாம். எங்கள் அகராதியின் முதல் தொகுதியில் அதற்குப் பொருள் எழுதியவன் சாட்சாத் நானேதான். 'டிராகோனிக், பெயரடை. டிராகன் போன்ற, கொடூரமான.' டிராகனைப் படத்தில் பார்த்திருப்பாய். இறக்கை முளைத்த பெரும்பாம்பு, மூச்சு விட்டால் நெருப்பு, எதையோ காவல் காத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடாது. நான் எழுதியது நாலு வருடத்துக்கு முன்பு. அன்றைக்குள் முப்பது சொற்களை முடித்தாக வேண்டும் என்று ஆசிரியர் தலைமேல் நின்றார். அதனால் ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். இப்போது 'எம்' எழுத்தில் முழுகிக் கிடக்கிறேன். நான் முழுகுவது எழுத்தில் மட்டும்தான். ஆறு வயதுக்குப் பிறகு குளிக்கிற வாளியைத் தாண்டி வேறு தண்ணீரில் நான் கால் வைத்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

ஒன்று இடிக்கிறது. குறுக்கெழுத்து என்றால் எத்தனை கட்டம் என்றுதான் முதலில் சொல்வார்கள். நீ சொல்லவில்லை. பொய் சொல்ல உனக்கு என்றைக்குமே வந்ததில்லை. யார் யாரைச் சொன்னது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது, முழங்கால் பரவாயில்லை. மாமா உனக்குப் பதில் போடச் சொல்லி இரண்டு வாரமாக நச்சரிக்கிறார். வீட்டில் இருவரும் நலம்தானே?

கட்டமெல்லாம் கிடையாது. அந்த வார்த்தை என்னைப் பற்றியதுதான்.

குளத்துக்கு வருகிற நாற்பத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டு என்மேல் மனுக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். எழுபத்திரண்டு வயது, தினமும் காலையில் வருவார், மிதந்துகொண்டே யோசிப்பார். மனு தமிழில்தான். 'பொறுப்பாளரின் டிராகோனிக் விதிமுறைகள்' என்று அந்த ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷ். எனக்கு வந்த நோட்டீஸில், யாரோ பொறுப்பான அதிகாரி அகராதியைப் புரட்டிக் கீழே பொருளும் எழுதிவிட்டார். 'டிராகன் போன்ற, கொடூரமான.' உன் கைவண்ணம்தான். நீ எழுதினதைக் கொண்டுவந்து என் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை. அறுபத்தொரு கொக்கி காலி. விசில் ஊதினேன், எண்ணினேன், அறுபது பேர். மறுபடி எண்ணினேன், அறுபதுதான். முப்பத்தேழாம் எண் பட்டை யார் காலிலும் இல்லை. வாசலைப் பூட்டச் சொன்னேன். மூன்று காவலர்களை இறக்கி அடிமட்டம்வரை மூன்று தடவை தேடவைத்தேன். அறுபது பேரும் ஈரத்துணியோடு ஐம்பது நிமிடம் விளிம்பில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் எழுந்திருக்க விடவில்லை, எழுந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். தண்ணீரில் யாரும் இல்லை. யாரோ பட்டையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து முப்பத்தேழாம் கொக்கி காலியாகவே கிடக்கிறது.

மனுவில் இன்னும் இருக்கிறது. சும்மா சும்மா விசில் ஊதுகிறேனாம். சிரிக்க மாட்டேனாம். ஒன்றாம் எண் பட்டையை யார் கேட்டாலும் தருவதில்லையாம்.

இருபதாம் தேதி, குளத்தை நடத்துகிற குழுவுக்கு முன்னால் விசாரணை. எனக்கு எதிராகப் போனால் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவார்கள். போனால் போகிறது என்று சொல்லத்தான் ஆசை. எண்ணாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது.

அங்கே எல்லோருக்கும் அன்பு.

அக்கா


ஏப்ரல் 8

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரி என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. "அவசரத்துல எழுதி அண்ணி தலையில போட்டுட்டீங்க" என்கிறாள். நியாயம்தான். வயிறு மறுபடி எரிகிறது, ஆனால் இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை.

அலுவலகத்தில் மூன்று பெரிய அகராதிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். கேள். பழைய ஏதென்ஸ் நகரத்தில் டிராகோ என்று ஒருவர் சட்டம் எழுதினார். காய்கறி திருடினாலும் மரணம், கொலை செய்தாலும் மரணம். அவர் பெயரிலிருந்து வந்தது 'டிராகோனியன்', அதாவது ஈவிரக்கமில்லாத கடுமை. 'டிராகோனிக்' என்பது டிராகன் என்ற பிராணியிலிருந்து வந்தது. நாளடைவில் ஒன்றின் வேலையை மற்றொன்றும் செய்ய ஆரம்பித்துவிட்டது. பேராசிரியர் மனதில் இருந்தது சட்டக்காரராகத்தான் இருக்கும். அந்தச் சட்டக்காரர் சார்பாக ஒன்று சொல்லலாம். அவருக்கு முன்னால் அந்த ஊரில் சட்டமே எழுத்தில் இல்லை. எல்லோரும் படிக்கட்டும் என்று முதலில் எழுதிவைத்தவர் அவர்தான். நீயும் உன் விதிகளை வாசலில் எழுதித்தானே மாட்டியிருக்கிறாய்?

இதையெல்லாம் வைத்து உனக்காக ஒரு பதில் தயாரித்திருக்கிறேன். இரண்டு பக்கம். இத்தோடு இருக்கிறது, விசாரணையில் வாசி.

அதைவிட முக்கியம், ஏரிக் கதையைச் சொல். உனக்குப் பதினாலு வயது, எனக்கு ஆறு. முழுகிப்போன என்னை நீ இறங்கித் தூக்கி வந்ததை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாரே, அதை அப்படியே சொல். தம்பியைத் தண்ணீரிலிருந்து மீட்டவள் ஆட்களை எண்ணாமல் வேறு என்ன செய்வாள்? குழுவில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே.

அது சரி, ஒன்றாம் எண்ணை ஏன் தருவதில்லை?

மாமாவிடம் தைரியமாக இருக்கச் சொல். நீயும் இரு.

தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவும் நன்றாக இருக்கிறார்.

விசாரணை முடிந்தது. நீ அனுப்பியதைப் படித்தேன், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் அந்தத் தமிழ் என் வாயில் நுழையாது. வாசிக்கவில்லை. ஏரிக் கதையையும் சொல்லவில்லை.

நீள மேசை, அந்தப் பக்கம் குழுவில் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான். பேராசிரியர் எனக்கு எதிரே. நன்றாகத்தான் பேசினார். பிறகு என்னைக் கேட்டார்கள். "ஒருத்தர் குறைஞ்சா தேடுவேன். நாளைக்குக் குறைஞ்சாலும் தேடுவேன்" என்றேன். வேறு சொல்ல இல்லையா என்றார்கள். இல்லை என்றேன். இருந்தது. அந்த மேசைமேல் ஒன்றைப் பார்த்தேன். அதை எழுதுவதாக இல்லை.

முடிவு வரும்வரை எண்ணிக்கை நிறுத்தம். என்னை டிக்கெட் கவுண்டரில் உட்காரவைத்திருக்கிறார்கள். படி ஏற வேண்டாம், முழங்காலுக்கு நல்லது என்று மாமா தேற்றுகிறார். கவுண்டரில் ஒரு சின்ன ஜன்னல். அதில் ஆழமில்லாத பக்கம் மட்டும் தெரிகிறது. ஆழமான பக்கம் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கோபமாக இருக்கிறது. கேட்கிறேன். நலமா?

உன் வாயை யார் தைத்து வைத்தார்கள்? ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரிப் பேசுகிறவள், பேச வேண்டிய ஒரே இடத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். மேசைமேல் என்ன பார்த்தாய்? உனக்கு உதவுகிற விஷயம் என்றால் அதை மூடி மறைக்க நீ என்ன தியாகியா?

நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வாரக் கடைசியில் குழுவுக்கு நானே எழுதப்போகிறேன். என் உயிரைக் காப்பாற்றியவள் இவள், நானே சாட்சி என்று ஏரிக் கதையை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். உன் அனுமதி தேவையில்லை, முழுகினவன் நான்.

வீட்டுக்காரியும் என் கட்சிதான். மாமாவுக்கு அன்பு.

தம்பி


மே 5

என் தம்பிக்கு,

எழுதாதே. இந்தக் கடிதம் உன் கையில் கிடைப்பதற்குள் எழுதியிருந்தால் தபாலில் சேர்க்காதே. சேர்த்திருந்தால் திரும்பக் கேள்.

உன்னை நான் காப்பாற்றவில்லை.

உன்னைக் கரையில் உட்காரவைத்துவிட்டு நான் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தொடர்கதை. சுவாரஸ்யமான இடத்தில் தாள் கிழிந்திருந்தது, அடுத்த துண்டு பையில் கிடக்கிறதா என்று தேடினேன். நிமிர்ந்தபோது நீ இல்லை. கத்தக்கூட வரவில்லை எனக்கு. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் சட்டையோடு குதித்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் மடியில் கிடத்தி, குப்புறப் புரட்டித் தட்டினார். நீ இருமி அழுத பிறகு, "தம்பியப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா ஓடிவந்தபோது உன் ஈரமெல்லாம் என் பாவாடையில். 'நீதான் தூக்கினியா?' என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை நாற்பத்தொரு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதையே குழுவுக்கு முன்னால் வைத்து நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு உட்காருவேன்?

மேசைமேல் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் மனுவைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். சுருளைச் சுற்றி இரண்டு மடிப்பாக நீல ரப்பர் பட்டை. எண் என் பக்கம் திரும்பியிருந்தது. முப்பத்தேழு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதியில் எழுந்து போனவர் அவர்தான். அவருக்கே அது தெரியாது. தெரிந்தால் அதைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்திருப்பாரா?

உனக்கு எப்படிச் சொல்வது? மூன்று தடவை தேடியாகிவிட்டது, தண்ணீரில் யாரும் இல்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் எழுபது நாளாகத் தினமும் காலையில் குளத்தைத் திறந்ததும் முதலில் அடிமட்டத்தைத்தான் பார்ப்பேன். விசாரணை அன்றைக்குப் பார்த்தால், அந்த முப்பத்தேழு நல்ல உடம்போடு, சலவைச் சட்டையோடு என் எதிரில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் வயசான மனிதரை எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும். பொய்யைப் படித்துக்கொண்டு நீ பாசமாக இருப்பதைவிட அது மேல்.

உன் அக்கா


ஜூன் 3

தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் வருகிற நேரம் பார்த்து மாமாவை வாசலில் நிறுத்துகிறேன். அவரும் எதுவும் கேட்காமல் போய் நிற்கிறார்.

குழு இன்னும் வாய் திறக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கால்களை எண்ணுகிறேன். உள்ளே போகிற கால், வெளியே வருகிற கால். யாருக்கும் தெரியாது.

உடம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டுமாவது எழுது. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

அக்கா


ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உரிமை கிரிமை என்றெல்லாம் எழுதினால் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். குழுவுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை.

ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அகராதிக்காரனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்றால் வெளியில் சிரிப்பார்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரியும் அக்கா.

என்னைப் பிடித்துத் தூக்கிய கையில் ரோமம் அடர்ந்திருந்தது. தோல்வார் போட்ட கைக்கடிகாரம், அதன் கண்ணாடி என் கன்னத்தில் இடித்தது. பதினாலு வயது அக்காவுக்கு அப்படி ஒரு கை கிடையாது என்று ஆறு வயதுக்காரனுக்கும் தெரியும். அப்பா கதை சொல்லும்போதெல்லாம் நீ எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாய். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை? உன்னைக் காப்பாற்றத்தான் என்று எழுத ஆசை. அந்த வரியைத்தான் ஐந்து தடவையும் கிழித்தேன். நிஜம் வேறு. அன்றைக்குப் பிறகு நீ என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசல்வரை வந்தாய். காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே இருந்தாய். தெருவைக் கடந்தால் மறுபக்கம் போய்ச் சேரும்வரை நின்று பார்த்தாய். எனக்குத் தெரியும் என்று சொன்னால் உன் பாரம் இறங்கிவிடும். இறங்கினால் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். இவ்வளவு வருடம் உன் குற்ற உணர்ச்சியில் நான் குளிர் காய்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த ஒரு மாதத்தில் இன்னொன்றும் செய்தேன். நான் அவசரமாக எழுதின அந்தச் சொல்லின் வேர்வரை போய்ப் பார்த்தேன். டிராகன் என்ற பெயர் கிரேக்க மொழியின் 'டிராகோன்' என்பதிலிருந்து வந்தது. பெரும்பாம்பு என்று அர்த்தம். அந்தப் பெயருக்கும் பின்னால் ஒரு வினைச்சொல் இருக்கிறது. கூர்ந்து பார்ப்பது. கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பிராணிக்கு அப்படிப் பெயர் வந்திருக்கலாம் என்கிறார்கள். முடிந்த முடிவாக யாரும் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலோர் நினைப்பு அதுதான். நெருப்பும் இறக்கையும் கொடூரமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. முதலில் இருந்தது பார்வை மட்டும்தான்.

பேராசிரியர் திட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் தலைவலித் தைலம் கொண்டுவந்து நீட்டினார்.

மாமாவை வாசலில் நிற்கவைத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூலை 2

என் சோடாபுட்டிக்கு,

உன் கடிதத்தை மாமாதான் எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் பக்கம் தாண்டி எனக்குக் கண் தெரியவில்லை. கடிகாரம் கன்னத்தில் இடித்தது என்ற இடத்தில் அவரும் நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முட்டாள் பயலே, பாரம் இறங்கினால் பார்ப்பதை நிறுத்திவிடுவேனா? இப்போது இறங்கிவிட்டது. நிறுத்திவிட்டேனா பார்.

இனி ஊர்க்கதை. போன திங்கள்கிழமை பேராசிரியர் கவுண்டருக்கு வந்தார். டிக்கெட் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"முப்பத்தேழு நான்தாம்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். விசாரணை நாளிலிருந்து என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. அன்றைக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது மிதக்கும்போது ஞாபகம் வந்து, ஈரக் காலிலேயே பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். தினமும் செய்கிற காரியம் என்பதால் பட்டையை மாட்டிவிட்டதாகவே மனசில் பதிந்துவிட்டது. வீட்டில் யாரோ அதை மேசை இழுப்பறையில் போட, மனுவைச் சுருட்டும்போது கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டியிருக்கிறார். போன வாரம் அவர் வீட்டம்மாள், இது என்ன நம்பர் என்று கேட்ட பிறகுதான் விளங்கியதாம்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றார்.

"நீங்க நல்லா இருந்தீங்க சார். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்றேன்.

மனிதர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய் எல்லோரும் பார்க்க முப்பத்தேழாம் கொக்கியில் பட்டையை மாட்டினார். வியாழக்கிழமை புதிதாக ஒரு மனு போயிருக்கிறது. அதே நாற்பத்துமூன்று கையெழுத்து. அந்த ஐம்பது நிமிடமும் தேடப்பட்டவன் நான், எண்ணிக்கை தொடர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நான் படித்துப் பார்த்தேன். ஒரு பெயரடைகூட இல்லை.

நேற்று உத்தரவு வந்தது. நாற்காலி எனக்கே. விசில் கால் மணிக்குப் பதில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றால் போதும். நான் ஒப்புக்கொண்டேன், நியாயமாகத்தான் பட்டது. சிரிக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை.

ஒன்றாம் எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய், நான் நழுவிவிட்டேன். அது உன்னுடையது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே எடுத்து வைத்தேன். பட்டை கொக்கியில் தொங்குகிறது என்றால் ஆள் கரையில் இருக்கிறான் என்று அர்த்தம். தினமும் காலையில் முதல் பார்வை அதற்குத்தான். நீ எங்கேயோ பத்திரமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு படி ஏறுவேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

அக்கா


ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வயிறும் நலம், இனி அதை விசாரிக்க வேண்டாம்.

அடுத்த பதிப்புக்கான அச்சுத்தாள் நேற்று வந்தது. அந்தச் சொல்லுக்குக் கீழே அதன் பிறப்பையும் சேர்த்துவிட்டேன். 'கூர்ந்து பார்ப்பது' என்ற இரண்டு சொற்களுக்கு இடம் இல்லை என்று ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார். நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். மூன்றாவது முறை, இந்த வார்த்தையோடு உங்களுக்கு என்ன சொந்தம் என்று கேட்டார். அக்கா முறை என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ, விட்டுவிட்டார்.

அடுத்த வாரச் சனிக்கிழமை காலை வண்டியில் நாங்கள் இருவரும் வருகிறோம். நேற்று கடைக்குப் போய் நீச்சல் உடை வாங்கினேன். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தபோது வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். நாற்பத்தேழு வயதில் எவ்வளவு பயமோ அவ்வளவு பயத்தோடு கேட்கிறேன். அந்த ஒன்றாம் எண்ணைக் கொடுப்பாயா?

உன் தம்பி


ஜூலை 15

என் தம்பிக்கு,

வா. மாமா ஸ்டேஷனுக்கு வருவார், சாவியை எங்கே வைத்தார் என்று தேடிக் கண்டுபிடித்தால். உன் வீட்டுக்காரி சிரித்தது சரிதான், நானும் சிரிக்கப்போகிறேன். குளத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை நான் விடுப்பு. நாற்காலியில் வேறு காவலர் இருப்பார், விசிலை அவரிடம் கொடுத்தாகிவிட்டது. நான் கீழே, ஆழமில்லாத பக்கத்தில் உன்கூடத் தண்ணீரில் நிற்பேன். உனக்கு இடுப்பளவுதான் வரும். பேராசிரியர் மிதக்கச் சொல்லித் தருகிறேன் என்கிறார். வேண்டாம், அவர் மிதந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

பட்டையைத் துடைத்து வைத்திருக்கிறேன். நானே உன் காலில் மாட்டிவிடுகிறேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றாம் கொக்கி காலியாக இருக்கும். அதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

பயப்படாமல் இறங்கு. நீ கரையேறுகிறவரைக்கும் நான் வேறு எங்கேயும் பார்க்க மாட்டேன்.

அக்கா